பேரப்பிள்ளைக்குப் பாதுகாப்பு உத்தரவு: வீட்டில் உள்ள பெரியவர்கள் அறிய வேண்டியவை

ஸ்கூடாய் வட்டாரத்தில் பல வீடுகளில் பொழுது விடியும் முன்பே பெற்றோர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள், சிலர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வைத்து, பசியாற வைத்து, பள்ளிக்கு அனுப்புவது தாத்தாவும் பாட்டியும்தான். அதனால் பிள்ளையின் உடம்பில் ஒரு காயம் இருந்தால், அது முதலில் உங்கள் கண்ணில் படுகிறது. இரவில் வீட்டில் நடந்தது என்ன என்று பிள்ளை முதலில் உங்களிடம்தான் சொல்கிறது.

இந்த ஏடு அப்படிப்பட்ட பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. வீட்டில் அடி, உதை, மிரட்டல் ஆகியவற்றுக்கு ஆளாகும் பிள்ளைக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது, அதை யார் கேட்கலாம், எங்கே போய்க் கேட்பது என்பதை எளிமையாகச் சொல்கிறோம்.

பாதுகாப்பு உத்தரவு என்றால் என்ன?

"இந்தப் பிள்ளையை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது" என்று ஒருவரைத் தடுக்கும் எழுத்துமூல உத்தரவுதான் பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால் அது தனிக் குற்றம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். உத்தரவு தண்டனை அல்ல. நடந்ததற்குத் தண்டனை கொடுப்பது வேறு வழக்கு. இனி நடக்காமல் தடுப்பதே உத்தரவின் வேலை. விவாகரத்து, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற பராமரிப்பு உரிமை ஆகியவற்றையும் இந்த உத்தரவு முடிவு செய்யாது.

பிள்ளைகளைக் காக்கும் இரண்டு சட்டங்கள்

முதலாவது, 1994 குடும்ப வன்முறைச் சட்டம். இது 1996 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இந்தியர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடு இதில் இல்லை. எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே சட்டம்.

இரண்டாவது, 2001 சிறார் சட்டம். 1990ஆம் ஆண்டு நம் நாட்டில் சித்திரவதைக்கு ஆளான ஒரு சின்னஞ்சிறு குழந்தை இறந்தபோது மக்கள் கொதித்துப் போனார்கள். அதன் விளைவாக 1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிறகு அதையும் வேறு இரு சட்டங்களையும் ஒன்றாக்கி 2001 சிறார் சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டு சட்டங்களிலும் 18 வயது நிறையாதவர் பிள்ளைதான். பதினேழு வயதுப் பேத்திக்கு அம்மா உயரம் வந்திருக்கலாம், பகுதி நேர வேலைக்கும் போகலாம். சட்டத்தின் கண்ணில் அவள் பிள்ளைதான்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் "பிள்ளை" என்றால் சொந்தப் பிள்ளை மட்டும் அல்ல. அடிப்பவரின் குடும்பத்திலோ, அவருடைய மனைவி, கணவர், முன்னாள் மனைவி, முன்னாள் கணவர் குடும்பத்திலோ ஒருவராக வாழும் பிள்ளையும் அதில் அடங்கும். மாற்றாந்தந்தை அடித்தாலும், சித்தி அடித்தாலும், பெரியப்பா அடித்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எதெல்லாம் குடும்ப வன்முறை?

அடிப்பது மட்டும் வன்முறை என்று நினைக்க வேண்டாம். சட்டம் இவற்றையும் வன்முறை என்றே சொல்கிறது:

- அடிபடப் போகிறோம் என்று பயந்து நடுங்கும்படி மிரட்டுவது
- அறைக்குள் போட்டுப் பூட்டி வைப்பது
- பாலியல் செயலுக்கு வற்புறுத்துவது
- மனம் நோகும்படி வேண்டுமென்றே பொருள்களை உடைப்பது
- மனத்தை வதைப்பது, உள்ளத்தைக் காயப்படுத்துவது
- பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்து நிலை தடுமாற வைப்பது

அப்பா அம்மாவை அடிக்கும்போது பிள்ளை மூலையில் நின்று பார்த்தாலும் அதன் மனம் காயப்படுகிறது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். அம்மாவுக்கு நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கும்போது பிள்ளையின் பெயரையும் அதில் சேர்க்க முடியும். உங்கள் மகளோ மருமகளோ உத்தரவு கேட்கப் போனால், "பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கச் சொல்" என்று நினைவூட்டுங்கள்.

மூன்று வகை உத்தரவுகள்

1. அவசரப் பாதுகாப்பு உத்தரவு. மலாய் மொழியில் "பெரிந்தா பெர்லிண்டுங்கான் கெச்செமாசான்". இதை நீதிமன்றம் அல்ல, அதிகாரம் பெற்ற சமூக நல இலாகா அதிகாரியே கொடுப்பார். உடம்புக்குத் தீங்கு நேர்ந்தாலோ நேரும் என்ற பயம் இருந்தாலோ இதைக் கேட்கலாம். முதலில் போலீஸ் புகார் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு செய்யும் வகையில் இது வகுக்கப்பட்டுள்ளது. உத்தரவு 7 நாள் செல்லும். 2018 ஜனவரி 1 முதல் இந்த வசதி உள்ளது.

2. இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு. மலாய் மொழியில் "பெரிந்தா பெர்லிண்டுங்கான் செமெந்தாரா". போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கொடுப்பது. இதற்குப் போலீஸ் புகார் தேவை. புகாருக்குப் பிறகு சமூக நல அதிகாரி உங்களை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வார்.

3. பாதுகாப்பு உத்தரவு. அடித்தவர்மேல் வழக்கு நடக்கும்போது நீதிமன்றம் கொடுப்பது. அதிகபட்சம் 12 மாதம். தேவைப்பட்டால் மேலும் 12 மாதம் வரை நீட்டிக்கலாம்.

ஏழு நாள் உத்தரவு ஏழாம் நாள் தீர்ந்துவிடும். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஏழு நாளுக்குள் போலீஸ் புகார் செய்து அடுத்த உத்தரவுக்கு வழி செய்ய வேண்டும்.

பிள்ளைக்காக யார் கேட்கலாம்?

எட்டு வயதுப் பிள்ளை தானே போய் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே பிள்ளையின் சார்பில் பாதுகாவலரோ, உறவினரோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவரோ கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தாத்தாவும் பாட்டியும் உறவினர். பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் நீங்களே.

"பெற்றவர்கள் இருக்கும்போது நான் எப்படிப் போய்ச் சொல்வது?" என்று பலர் தயங்குகிறார்கள். அடிப்பவரே பெற்றவராக இருந்தால், அல்லது அடிப்பவருக்குப் பயந்து மற்றவர் வாய் திறக்க முடியாமல் இருந்தால், பிள்ளைக்காகப் பேச மிஞ்சுவது நீங்கள்தான்.

உரிமை மட்டும் அல்ல, கடமையும் உண்டு

இது இந்த ஏட்டின் முக்கியமான பகுதி. 2001 சிறார் சட்டத்தின் 28ஆம் பிரிவு குடும்ப உறுப்பினர்களைப் பற்றியது. பிள்ளை கொடுமைக்கு ஆளாகி உடலாலோ மனத்தாலோ காயப்பட்டிருக்கிறது, கவனிப்பின்றிக் கைவிடப்பட்டிருக்கிறது, அல்லது பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், குடும்ப உறுப்பினர் உடனே சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வீட்டில் வாழும் தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் இதில் அடக்கம். தெரிந்தும் தெரிவிக்காதவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

டாக்டருக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் இதே கடமை உண்டு. அதனால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு வரும்போது "டாக்டரிடம் சொல்கிறோம், வெளியே விடாதீர்கள்" என்று கேட்டால் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. சட்டப்படி அவர் சொல்லியே ஆக வேண்டும்.

பாலியல் குற்றங்களுக்கு 2017இல் தனிச் சட்டம் வந்தது. பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

நீங்கள் வழக்கறிஞர் போல ஆதாரம் சேர்க்க வேண்டியதில்லை. கண்டதையும் பிள்ளை சொன்னதையும் சொன்னால் போதும். விசாரிப்பது அதிகாரிகளின் வேலை. நல்லெண்ணத்துடன் தகவல் கொடுப்பவர்மேல் மானநட்ட வழக்குப் போட முடியாது. சட்டமே உங்களுக்குக் காப்பு.

எந்தக் காயம் சாதாரணம், எது சந்தேகம்?

ஓடியாடும் பிள்ளைக்கு முட்டியிலும் முழங்கையிலும் நெற்றியிலும் சிராய்ப்பு வருவது இயல்பு. கீழ்க்கண்டவற்றைக் கண்டால் அலட்சியப்படுத்தாதீர்கள்:

- இன்னும் தவழக்கூடத் தெரியாத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய காயம்
- காது, கழுத்து, முதுகு, பிட்டம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் காயம்
- பெல்ட், வயர், ரோத்தான், கை விரல் ஆகியவற்றின் வடிவம் தெரியும் தழும்பு
- சிகரெட் நெருப்புச் சுட்ட வட்டப் புண்
- வெவ்வேறு நிறத்தில், பழையதும் புதியதுமாக இருக்கும் காயங்கள்
- காயம் எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் மாறும் பதில்

கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் வெளியே காயமே தெரியாமல் மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படலாம். குழந்தை திடீரென வாந்தி எடுத்தால், சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தால், வலிப்பு வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.

எங்கே போவது? படிப்படியாக

1. உயிருக்கு ஆபத்து என்றால் 999. சண்டை நடக்கும் இடத்திலிருந்து பிள்ளையோடு விலகி, நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

2. காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஜோகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையும் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் உள்ளன. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இத்தகையோருக்கென்று ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இயங்குகிறது. நாட்டின் முதல் மையம் 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. சிகிச்சை, போலீஸ், சமூக நலம் என்று அலைய வேண்டியதில்லை. தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். போலீஸ் புகார் செய்துவிட்டு வந்தால்தான் சிகிச்சை என்று இல்லை. பெற்றோர் வேலை முடிந்து வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

3. பாலியல் கொடுமை என்று சந்தேகித்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கூடிய விரைவில், 72 மணி நேரத்துக்குள் வருவது மிக முக்கியம். நோய்த் தொற்றையும் கருவையும் தடுக்கும் மருந்துகள் அதற்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நாள் கடந்துவிட்டாலும் வாருங்கள், சிகிச்சை உண்டு.

4. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். மலாய் சரளமாக வராவிட்டால் தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அடித்தவரின் உறவினர் வேண்டாம். பிள்ளையை மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ கொண்டு சேர்க்க உதவுவது போலீசின் கடமை. கேட்கத் தயங்காதீர்கள்.

5. சமூக நல இலாகாவைத் தொடர்புகொள்ள தாலியான் காசே 15999ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

கையில் இருந்தால் பிள்ளையின் பிறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை. பத்திரம் இல்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

பிள்ளை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். "உன் தப்பு இல்லைய்யா, சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். நீங்களே பதிலைச் சொல்லிக் கொடுத்து "அப்படித்தானே?" என்று கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவி செய்பவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பது போதும். அடித்தவரை அழைத்து நேருக்கு நேர் விசாரிக்காதீர்கள். அன்றிரவே பிள்ளைக்குக் கூடுதல் அடி விழலாம்.

பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவிலோ பேஸ்புக்கிலோ போடாதீர்கள். இத்தகைய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் வெளியாவதைச் சிறார் சட்டம் தடை செய்கிறது. காயத்தைப் படம் எடுத்தால் டாக்டரிடமும் போலீசிடமும் மட்டும் காட்டுங்கள்.

உத்தரவு கையில் வந்த பிறகு

நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவில் பிள்ளையின் நிலைக்கு ஏற்பச் சில நிபந்தனைகளைச் சேர்க்கலாம். வீட்டுக்கு வரக் கூடாது, பள்ளிக்குப் போகக் கூடாது, 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்பவை அவற்றில் சில.

உத்தரவின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஒரு நகலைப் பிள்ளையின் தலைமையாசிரியரிடமும், மற்றொன்றைப் பள்ளி வேன் ஓட்டுநரிடமோ பாலர் பள்ளியிலோ கொடுத்து, யார் பிள்ளையை அழைத்துப் போகலாம், யார் கூடாது என்று சொல்லி வையுங்கள். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது வன்முறையும் செய்தால் 4,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மீறியவுடனே போலீசுக்குச் சொல்லுங்கள். "பாவம், பிள்ளையைப் பார்க்க ஆசையில் வந்தான்" என்று நீங்களாகக் கதவைத் திறந்து விடாதீர்கள். உத்தரவை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"வீடு என் மகன் பெயரில் இருக்கிறது. அவனை எப்படி வெளியே போகச் சொல்வார்கள்?"
வீடு யார் பெயரில் இருந்தாலும், பாதுகாப்புக்கு அவசியம் என்று கண்டால், அடிப்பவரை விலக்கி வைத்துப் பாதிக்கப்பட்டவர் அங்கே குடியிருக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். சொத்துரிமை மாறுவதில்லை. குடியிருக்கும் உரிமைதான் அந்தக் காலத்துக்கு மாறுகிறது.

"கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. சட்டம் செல்லுமா?"
செல்லும். சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களைக் கணவன் மனைவியாகவே ஏற்கிறது. எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர் பிள்ளையை அடித்தாலும் தெரிவியுங்கள். அப்போதும் சிறார் சட்டம் பிள்ளையைக் காக்கும்.

"சொன்னால் பேரப்பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களே?"
ஆபத்து இருந்தால் அதிகாரி பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். பிறகு முடிவு செய்வது நீதிமன்றம். இல்லத்தில் சேர்ப்பது ஒரு வழி மட்டுமே. தகுதியான, பொருத்தமான ஒருவரின் பராமரிப்பில் விடுவதும் சட்டத்தில் உண்டு. அந்த ஒருவர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். உங்களால் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் அதிகாரியிடம் முதல் நாளே சொல்லுங்கள். உங்கள் உடல்நிலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

"என் மகன் ஜெயிலுக்குப் போய்விடுவானா?"
உத்தரவு போட்டதனால் மட்டும் யாரும் சிறைக்குப் போவதில்லை. உத்தரவை மீறினாலோ, அடித்த குற்றம் நிரூபிக்கப்பட்டாலோ தண்டனை உண்டு. பிள்ளையைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்குச் சிறார் சட்டத்தில் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் ஆலோசனைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் அறையிலேயே தடுத்தால் மகன் திருந்த வாய்ப்பு இருக்கிறது. எலும்பு முறிந்த பிறகு அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

"அடிப்பது என் பதினாறு வயதுப் பேரன். அவன்மேல் சொல்லலாமா?"
சொல்லலாம். வயது குறைவு என்பதற்காக நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் குற்ற வழக்கைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, அவன் பெயரும் வெளியே வராது. பல நேரங்களில் இத்தகைய பையனுக்குப் பின்னால் போதைப் பொருளோ, மன நோயோ, சிறு வயதில் அவனே வாங்கிய அடியோ இருக்கும். ஆகவே கிளினிக்கிலும் சொல்லுங்கள், சிகிச்சைக்கு வழி செய்வோம்.

ஒரு கடைசி வார்த்தை

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். "வீட்டு விஷயம் வீட்டோடு" என்றும் சொல்லிக்கொண்டோம். பிள்ளை மாடு இல்லை. வீட்டுக்குள்ளேயே அடி விழும்போது, உதவி வீட்டுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதை அழைக்கும் குரல் பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

நினைவில் வையுங்கள்

- 18 வயது நிறையும்வரை பிள்ளைதான்.
- பிள்ளைக்காகத் தாத்தா பாட்டி உத்தரவு கேட்கலாம்.
- ஒரே வீட்டில் வாழ்பவர் தெரிந்ததைத் தெரிவிப்பது சட்டக் கடமை.
- அவசர உத்தரவு 7 நாள். நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு 12 மாதம் வரை.
- காயம் இருந்தால் முதலில் அவசரப் பிரிவு.

அவசர உதவி: 999
தாலியான் காசே, 24 மணி நேரம்: 15999
தாலியான் காசே வாட்ஸ்அப்: 019-2615999

இந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைக்கும் இந்த எண்களைச் சொல்லிக் கொடுங்கள்.